ஒலி பிடித்த கதை – 17: அடக்க வந்த கருவி

1933 ஏப்ரல் 27 அன்று வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹாலில் பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவின் கச்சேரி. மேடையில் ஒரு வாத்தியக்காரர்கூட இல்லை. ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் பிலடெல்பியாவிலேயே, அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தது. அங்கே மூன்று மைக்குகள், நடுவே மூன்று தொலைபேசித் தடங்கள், இங்கே மூன்று ஒலிபெருக்கிகள். பெல் ஆய்வகத்தின் ஹார்வி பிளெட்சரும் அவருடைய குழுவினரும் செய்துகாட்டிய வித்தை அது. பிலடெல்பியாவில் கோல் பிடித்து நடத்தியவர் அலெக்ஸாண்டர் ஸ்மாலன்ஸ். ஆர்க்கெஸ்ட்ராவின் தலைமை நடத்துநரான லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கியோ வாஷிங்டனில் குமிழ்களின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒலி எங்கே எழவேண்டும், எங்கே தணியவேண்டும் என்பதை அவருடைய விரல்கள் தீர்மானித்தன.

அந்த நாற்காலியின் மதிப்பு ஸ்டோகோவ்ஸ்கிக்கு நன்றாகத் தெரியும். வானொலிக்காக வாசிக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. நூறு பேரை வைத்துக்கொண்டு அவர் மேடையில் ஓர் உச்சத்தை எழுப்புவார். கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் பொறியாளர் குமிழைத் திருப்பி அதைப் பாதியாக்கிவிடுவார். பிடில்கள் மட்டும் மெல்லக் கசியும் இடத்தில் அதே பொறியாளர் ஒலியைத் தூக்கிவிடுவார். வீட்டில் கேட்பவருக்கு மெல்லியதும் உரத்ததும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வந்து சேரும். இசையின் நடத்துநர் யார், அவரா, குமிழ்க்காரரா?

பொறியாளரைக் குறை சொல்லவும் முடியாது. சென்ற அத்தியாயத்தில், 1925-ல் மைக்கும் மின்பெருக்கியும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்ததைப் பார்த்தோம். அதோடு ஒரு புதிய நெருக்கடியும் நுழைந்தது. ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவின் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 70 டெசிபல் இடைவெளி உண்டு. சக்திக் கணக்கில் அது ஒரு கோடி மடங்கு. அன்றைய அரக்கு இசைத்தட்டில் ஊசியின் உராய்வு இரைச்சலுக்கு மேலே, பள்ளம் தாங்கும் எல்லைக்குக் கீழே கிடைத்த இடம் சுமார் 40 டெசிபல்; அதாவது பத்தாயிரம் மடங்கு. கோடியைப் பத்தாயிரத்துக்குள் அடக்கவேண்டும். அடக்காவிட்டால் மெல்லியது இரைச்சலில் மூழ்கும், அல்லது உரத்தது கரகரவென்று உடையும்.

வானொலியில் நிலைமை இன்னும் கண்டிப்பானது. நடுத்தர அலை ஒலிபரப்பில் கடத்தும் அலையின் உயரம் பேச்சுக்கும் இசைக்கும் ஏற்ப ஏறி இறங்குகிறது. இறக்கம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் அதற்குக் கீழே போக வழியில்லை, அலையே அறுந்துபோகும். கேட்பவர் காதில் அது உடைசலாக விழும். அதைவிட மோசமாக, சிதறல் பக்கத்து நிலையத்தின் அலைவரிசைக்குள் பாயும். ஆகவே ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் முள்மீட்டரைப் பார்த்தபடி, விரலைக் குமிழில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பெரிய நிலையங்களில் அவர் இசைக்குறிப்பையும் பின்தொடர்ந்து, அடுத்து எக்காளம் வருகிறது என்று தெரிந்து, அதற்கு முன்பே மெல்ல மெல்ல ஒலியைக் குறைத்து வைப்பார். நல்ல காதும் பயிற்சியும் உள்ளவர் செய்தால் குறைத்ததே தெரியாது. ஆனால் பேச்சாளர் திடீரென்று மேசையைத் தட்டினால் என்ன செய்வது? மனிதக் கை நகர்வதற்குள் சேதம் முடிந்துவிடும்.

கையின் வேலையை மின்சுற்றிடம் ஒப்படைக்கும் யோசனை இசைக்காரர்களிடமிருந்து வரவில்லை. முதலில் அது வீட்டு ரேடியோவுக்குள்தான் குடியேறியது. அருகிலுள்ள நிலையம் அலறும், தூரத்து நிலையம் முனகும் என்ற தொல்லையைத் தீர்க்க, ஹெரால்ட் வீலர் என்ற இளைஞர் 1926-ல் ஒரு தானியங்கிச் சுற்றை வடிவமைத்தார். வரும் அலை வலுவாக இருந்தால் அதிலிருந்தே ஒரு மின்னழுத்தத்தை எடுத்து, பெருக்கியின் பெருக்கத்தைக் குறைத்துவிடுவது அவருடைய உபாயம். 1929-ல் பில்கோ 95 என்ற ரேடியோவில் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஸ்டூவர்ட் பாலன்டைனும் ஹெச். ஏ. ஸ்னோவும் அந்த வேலைக்கென்றே ஒரு புதுவகை வால்வை அறிவித்தார்கள். சாதாரண வால்வின் உள்ளே கிரிட் கம்பி சமமான இடைவெளியில் சுற்றப்பட்டிருக்கும். இவர்களுடையதில் சில இடங்களில் நெருக்கமாகவும் சில இடங்களில் அகலமாகவும் சுற்றினார்கள். கிரிட்டுக்குக் கொடுக்கும் எதிர் மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, பெருக்கம் சட்டென்று அற்றுப்போகாமல் படிப்படியாக இறங்கும். ‘வேரியபிள் மியூ’ என்று பெயர். ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் தானே சுருக்கும் கருவிக்குக் கம்ப்ரஸர் என்று பெயர்; இந்த வகைப் பழைய வால்வு கம்ப்ரஸர்களை இன்றும் ஒலிப்பதிவாளர்கள் ‘வேரி-மியூ’ என்றுதான் சொல்கிறார்கள்.

தொலைபேசிக்காரர்கள் இன்னொரு திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தார்கள். 1927 ஜனவரியில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே ரேடியோ தொலைபேசிச் சேவை தொடங்கியது. மூன்று நிமிடப் பேச்சுக்கு 75 டாலர். அவ்வளவு கொடுத்தும் அட்லாண்டிக்குக்கு மேலே இடியும் மின்னலும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலில் மெல்லப் பேசுபவர் குரல் கரைந்துபோனது. பெல் பொறியாளர்கள் அனுப்பும் முனையில் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாகச் சுருக்கினார்கள். மெல்லிய குரல் இரைச்சலுக்கு மேலே தலைதூக்கியது. வாங்கும் முனையில் அதே கணக்கில் விரித்தார்கள். குரல் பழைய உருவுக்கு வந்தது, இரைச்சல் கீழே அமுங்கியது. சுருக்கு, பிறகு விரி. இசை ஒலிப்பதிவு பின்னாளில் இதன் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. சுருக்கியது சுருக்கியபடியே நம் காதுக்கு வருகிறது.

1937-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 110ஏ என்ற பெருக்கியை வானொலி நிலையங்களுக்கு விற்கத் தொடங்கியது. உச்சம் எல்லையை மீறும் கணத்தில் தானே ஒலியைக் குறைத்துப் பிடிக்கும். லிமிட்டர் என்ற காவலாளியின் பிறப்பு இதுதான். ஆனால் நிலையக்காரர்கள் அதை வாங்கியதற்குக் காவல் மட்டும் காரணமில்லை. திடீர் உச்சத்துக்குப் பயந்து முன்பெல்லாம் நிகழ்ச்சியின் மட்டத்தையே தாழ்த்தி வைத்திருந்தார்கள். உச்சத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்றானபின் மொத்த நிகழ்ச்சியையும் மேலே தூக்கினார்கள். 3 டெசிபல் தூக்கினாலே சக்தி இரட்டிப்பாகிறது. டிரான்ஸ்மிட்டரை மாற்றாமல், கோபுரத்தை உயர்த்தாமல், அதே மின்சாரச் செலவில் நிலையத்தின் குரல் அதிக தூரம் எட்டியது. பாதுகாப்புக்காக வாங்கியது உரத்துப் பேசுவதற்கான கருவியாகவும் ஆனது. இந்த இரட்டைக் குணம் கம்ப்ரஸரின் பிறவியிலேயே இருக்கிறது. பின்னால் வரும் அத்தனை சச்சரவுகளுக்கும் வேர் இங்கேதான்.

*

இந்தக் கருவி உள்ளே என்னதான் செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு நகர்வது நல்லது. ஒலிப்பதிவு பற்றி ஆர்வமாகப் பேசுகிறவர்கள்கூட இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

ஒரு பாடகி பாடுகிறார். பல்லவியை மெல்ல எடுக்கிறார். மீட்டரில் முள் பெரும்பாலும் மைனஸ் 20 டெசிபலுக்குக் கீழேயே ஆடுகிறது. சரணத்தில் ஒரு சொல்லை உயர்த்திப் பிடிக்கும்போது மைனஸ் 8-க்குத் தாவுகிறது. கம்ப்ரஸரின் வாசலை, அதாவது திரெஷோல்டை, மைனஸ் 20-ல் வைக்கிறோம். அதற்குக் கீழே உள்ள எதையும் கருவி தொடாது. ரேஷியோவை 4-க்கு 1 என்று வைக்கிறோம். வாசலைத் தாண்டி வரும் ஒவ்வொரு 4 டெசிபலுக்கும் 1 டெசிபல்தான் வெளியே போக அனுமதி. உயர்த்திப் பாடிய சொல் வாசலைத் தாண்டி 12 டெசிபல் வந்திருக்கிறது, வெளியேறுவது 3. ஆக மைனஸ் 8-ல் இருந்த சொல் மைனஸ் 17-க்கு வந்துவிட்டது. 9 டெசிபல் அமுக்கம்.

இத்தோடு விட்டால் பாட்டு சுருங்கிச் சோர்ந்து கேட்கும். அடுத்துச் செய்யும் வேலையில்தான் விஷயம் இருக்கிறது. அமுக்கிய 9 டெசிபலையும் மொத்தக் குரலுக்கும் திருப்பிக் கொடுக்கிறோம். உச்சம் பழைய இடமான மைனஸ் 8-க்கே திரும்புகிறது. ஆனால் வாசலுக்குக் கீழே இருந்த எல்லாமே 9 டெசிபல் மேலே வந்துவிட்டன. சொற்களுக்கு நடுவே இழுத்த மூச்சு, உதடு பிரியும் ஒலி, அடியில் தேய்ந்துபோகும் மெல்லின ஒற்று, கமகத்தின் கடைசி அசைவு எல்லாம் இப்போது கேட்கின்றன. பெயர் அமுக்கும் கருவி. கைமேல் கிடைக்கும் பலன் மெல்லியது மேலெழுவது. ஓடும் பேருந்தின் எஞ்சின் இரைச்சலையும் மீறி, தாள வாத்தியங்கள் முழங்கும் ஒரு திரைப்பாட்டில் பாடகியின் மூச்சு உங்கள் காதோரம் கேட்கிறது என்றால் காரணம் இதுவே.

வாசலும் ரேஷியோவும் போக, கம்ப்ரஸரில் திருப்பிவைக்கும் மீதி இரண்டு அளவுகளும் காலம் சம்பந்தப்பட்டவை. வாசல் தாண்டியபின் கருவி எவ்வளவு விரைவாகப் பாயவேண்டும் என்பது அட்டாக். உச்சம் தணிந்தபின் எவ்வளவு நேரத்தில் பிடியைத் தளர்த்தவேண்டும் என்பது ரிலீஸ். டிரம்மில் குச்சி விழும் ‘டப்’ சில மில்லி செகண்டுகளில் முடிந்துவிடும். அட்டாக்கை 30 மில்லி செகண்டில் வைத்தால் அந்த ‘டப்’ முழுசாகத் தப்பி வெளியே வந்துவிடும், பின்னால் வரும் அதிர்வு மட்டும் அமுங்கும். அடி கூர்மையாகக் கேட்கும். அட்டாக்கை மிக விரைவாக்கினால் அடியின் முனை மழுங்கி, அதன் பின்னால் ஒலிக்கும் தோலும் அறையும் முன்னுக்கு வரும். ரிலீஸை மெதுவாக்கினால் ஓர் உரத்த அடிக்குப் பின் வரும் மெல்லிய ஒலிகள் மேலே வர முடியாமல் தவிக்கும். விரைவாக்கினால் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் பின்னணி குபுக்கென்று மேலெழும். பாட்டே மூச்சுவிடுவதுபோல் இருக்கும். ‘பம்பிங்’ என்று ஒலிப்பதிவாளர்கள் இதைச் சொல்வார்கள். நெடுங்காலம் அது குற்றமாகவே எண்ணப்பட்டது.

*

போருக்குப் பின் டேப் வந்தது, 33 சுழற்சித் தட்டு வந்தது, 1950களின் இறுதியில் ஸ்டீரியோ தட்டும் வந்தது. ஸ்டீரியோ தட்டு, பள்ளம் வெட்டுபவருக்குப் புதிய தலைவலி. இடதும் வலதும் ஒன்றாக ஒலிப்பது ஊசியைப் பக்கவாட்டில் ஆட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமோ ஊசியை மேலும் கீழும் ஆட்டும். மேல்கீழ் ஆட்டம் மிகுந்தால் பள்ளம் ஓரிடத்தில் ஆழமாகி, இன்னோரிடத்தில் மேலேறி மறைந்தே போகும்; வீட்டில் ஊசி துள்ளிவிடும்.

இதற்கு விடை கொடுத்தவர் ரெய்ன் நார்மா. எஸ்தோனியாவில் பிறந்து, போருக்குப் பின் அமெரிக்காவுக்குக் குடியேறிய பொறியாளர். கிதார் கலைஞர் லெஸ் பாலின் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு 8 தட மிக்ஸிங் மேசையை அமைத்துக் கொடுத்தவரும் அவரே. நார்மா வடிவமைத்த லிமிட்டரின் உரிமையை ஷெர்மன் ஃபேர்சைல்டு வாங்கினார். விமானத்திலிருந்து படமெடுக்கும் கேமராக்களால் பெயர்பெற்றவர் ஃபேர்சைல்டு. அவருடைய பணத்தில்தான் 1957-ல் கலிபோர்னியாவில் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனமும் தொடங்கப்பட்டது. ஒரே முதலாளியின் ஒரு கம்பெனி சிலிக்கான் சில்லில் சுற்றுகளை அச்சடிக்கும் வழியைக் கண்டுகொண்டிருந்த 1959-ல், நியூயார்க்கில் இருந்த இன்னொரு கம்பெனி 20 வால்வுகளைத் திணித்து ஏறத்தாழ 30 கிலோ எடையில் ஃபேர்சைல்டு 670 என்ற கருவியை வெளியிட்டது. அடுப்புபோல் சூடாகும் அந்தப் பெட்டி ஒரு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் உச்சத்தைப் பிடித்துவிடும். பக்கவாட்டையும் மேல்கீழையும் தனித்தனியே அடக்கவும் தெரியும். தட்டு வெட்டும் அறைகளுக்கென்றே பிறந்தது அது. அதன் ஒரு தட வடிவத்துக்கு 660 என்று பெயர். அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நம் காதுகளை அதிகம் மாற்றிய கருவி எது என்று என்னைக் கேட்டால் ஃபேர்சைல்டைச் சொல்லமாட்டேன். கலிபோர்னியாவின் பசடீனாவில் டெலட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய ஜிம் லாரன்ஸின் பெட்டியைச் சொல்வேன். லாரன்ஸ் அதற்கு முன் ஏவுகணைத் திட்டத்துக்காக ஒளியுணர் கருவிகளில் வேலை பார்த்தவர். ஒலியின் அளவைக் கட்டுப்படுத்த அவர் ஒளியைக் கொண்டுவந்தார். 1960களின் தொடக்கத்தில் வந்த அவருடைய எல்ஏ-2ஏ-வின் இதயம், ‘டி4’ என்ற மூடிய சிறு டப்பா. உள்ளே மின்சாரம் பாய்ந்தால் மெல்ல ஒளிரும் ஒரு தகடு; அதற்கு எதிரே, வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் காட்மியம் சல்பைடு துண்டு. குரல் உயர்ந்தால் தகடு பிரகாசமாகிறது, தடை குறைகிறது, ஒலி தரைக்கு வழிந்து அமுங்குகிறது. குரல் தணிந்தால் தகடு மங்குகிறது, ஒலி மீள்கிறது.

அந்தத் துண்டுக்கு ஒரு குணம். வெளிச்சம் அணைந்ததும் அது உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. முதல் பாதியை ஒரு நொடியில் பதினாறில் ஒரு பங்குக்குள் மீட்டுவிடும். மீதிப் பாதிக்கு அரை நொடியும் ஆகலாம், ஐந்து நொடியும் ஆகலாம். அதற்கு முன் எவ்வளவு நேரம், எவ்வளவு பிரகாசமாக ஒளி பட்டது என்பதைப் பொறுத்து அந்தக் காலம் மாறும். ஒரு சொல்லை மட்டும் பாடகர் ஓங்கிச் சொன்னால் கருவி சட்டென்று விட்டுவிடும். ஒரு முழு வரியையும் ஓங்கிப் பாடியிருந்தால் தயங்கித் தயங்கி விடும். அனுபவமுள்ள ஒரு மனிதர் குமிழைத் திருப்பினால் எப்படித் திருப்புவாரோ ஏறத்தாழ அப்படியே. அளவுகோலால் பார்த்தால் அது பொருளின் குறைபாடு. காதுக்கு அது பண்பு. முகப்பில் இரண்டே குமிழ்கள்: எவ்வளவு அமுக்க, எவ்வளவு தூக்க. அட்டாக், ரிலீஸ் என்று தேடினால் கிடைக்காது. அவற்றை அந்தக் காட்மியம் துண்டே பார்த்துக்கொண்டது. இன்றைய கம்ப்யூட்டர் மென்பொருள்களில் எல்ஏ-2ஏ-வின் நகல்கள் பல உலவுகின்றன. அந்தத் துண்டின் மந்தத்தைச் சமன்பாடுகளால் பிடிக்க எழுதுபவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல.

*

இனி லண்டனுக்கு. இ.எம்.ஐ நிறுவனத்தின் அபே ரோடு கூடம் ஒரு கட்டுப்பாடான அலுவலகம். பராமரிப்புப் பிரிவினருக்கு வெள்ளைக் கோட்டு. எந்த வாத்தியத்துக்கு எந்த மைக், எவ்வளவு தூரத்தில் என்பதற்கெல்லாம் விதி. வெளியிலிருந்து ஒரு கருவி வாங்கினால் அதைப் பிரித்து, தங்கள் தரத்துக்குத் திருத்தி, சொந்த எண் போட்டுத்தான் பயன்படுத்துவார்கள். அமெரிக்காவின் ஆல்டெக் 436பி கம்ப்ரஸர் அப்படித்தான் 1960-ஐ ஒட்டி அங்கே ஆர்எஸ்124 என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. பீட்டில்ஸின் ஆரம்பகாலத் தட்டுகளில் பேஸ் கிதாரைத் திரட்டி நிறுத்தியது அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. ஃபேர்சைல்டு 660-களும் பின்னால் அங்கே வந்து சேர்ந்தன.

1966 ஏப்ரல் 6 இரவு, மூன்றாம் எண் கூடத்தில் பீட்டில்ஸ் ஒரு புதிய தட்டுக்கான வேலையைத் தொடங்கினார்கள். பின்னால் ‘ரிவால்வர்’ என்று பெயர் பெற்ற தட்டு. அவர்களுடைய ஒலிப்பதிவாளர் நார்மன் ஸ்மித் பதவி உயர்ந்து போய்விட்டார். அவருடைய நாற்காலியில் அன்று உட்கார்ந்தவர் ஜெஃப் எமெரிக், வயது 20. முதல் பாட்டே யாரும் கேட்டிராத வகை. ஒரே சுருதியில் நிற்கும் பாட்டு; ரிங்கோ ஸ்டார் ஒரு தாளத்தைத் திரும்பத் திரும்ப, மாற்றமில்லாமல் அடிக்கிறார். ‘டுமாரோ நெவர் நோஸ்’ என்று பின்னால் பெயர் வைத்தார்கள். டிரம் எப்போதும்போலக் கேட்டால் அந்தப் பாட்டு எழுந்து நிற்காது என்று எமெரிக்குக்குப் பட்டது.

அவர் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார், முழக்கம் இறுகியது. மைக்கை நகர்த்திக்கொண்டுபோய் டிரம்மின் தோலுக்குச் சில அங்குலங்கள் அருகே வைத்தார். காற்றின் உதை மைக்கைக் கெடுத்துவிடும் என்பதால் இ.எம்.ஐ அதை அனுமதித்ததில்லை. பிறகு மொத்த டிரம்மையும் ஃபேர்சைல்டு 660-க்குள் அனுப்பி, எந்தப் பொறியாளரும் ‘போதும், குறை’ என்று கத்தும் அளவுக்கு அமுக்கினார்.

அந்தப் பாட்டை நல்ல ஹெட்போனில் போட்டு, குரலை மறந்துவிட்டு, டிரம்மை மட்டும் கேளுங்கள். அடி விழும் கணத்தில் கருவி பாய்ந்து பிடிக்கிறது; அடி பெரிதாகத் தெரியவேண்டிய இடத்தில் தட்டையாகி, சுவரில் மோதியதுபோல் நிற்கிறது. உடனே பிடி தளர்கிறது. தளரும்போது சிம்பலின் ரீங்காரமும் அறையின் காற்றும் பின்னாலிருந்து பொங்கி முன்னே வருகின்றன. அடுத்த அடி விழுந்ததும் மறுபடி அமுங்குகின்றன. எந்தப் பம்பிங்கை முப்பது ஆண்டுகளாக ஒலிபரப்புப் பொறியாளர்கள் ஒளித்து வைக்கப் பாடுபட்டார்களோ, அதுவே இங்கே தாளமாக நிற்கிறது. ரிங்கோ அடித்த தாளத்துக்குள் கருவி இன்னொரு தாளம் வாசிக்கிறது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அதை அனுமதித்தார் என்பதையும் சொல்லவேண்டும். அவர் தலையசைக்காமல் இது தட்டில் ஏறியிருக்காது. ‘ரிவால்வர்’ அந்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று வெளிவந்தது. அதன்பின் டிரம்மை எப்படிப் பதிவுசெய்வது என்ற கேள்விக்கு ராக் இசையில் விடை மாறிவிட்டது.

எமெரிக் கருவியை மட்டும் நம்பியவரல்ல. மறு ஆண்டு பிப்ரவரி 22 அன்று, ‘எ டே இன் தி லைஃப்’ பாட்டின் முடிவுக்காகப் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் ஒரே கார்டை ஓங்கி அடித்தார்கள். ஒலி தேயத் தேய எமெரிக் தன் கையாலேயே ஃபேடர்களை மேலே தள்ளிக்கொண்டு போனார். நாற்பது நொடிக்கு மேல் அந்தக் கார்டு சாகாமல் நிற்கிறது. கடைசியில் ஒலிவாங்கிகள் அவ்வளவு திறந்திருந்ததால் அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிடுவதும் தட்டில் பதிந்துவிட்டது. அதுவும் கம்ப்ரஷன்தான், சுற்றுக்குப் பதிலாக ஒரு மனிதரின் கையும் காதும் செய்தது.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தின் மோட்டவுன் கூடத்தில் இன்னொரு தந்திரம் வழக்கத்தில் இருந்தது. பாடகரின் குரலை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்றைத் தொடாமல் அப்படியே விடுவார்கள். இன்னொன்றைக் கசக்கிப் பிழிந்து, மேல் ஸ்தாயி அதிர்வெண்களைத் தூக்கி, முதல் குரலுக்கு அடியில் கொஞ்சமாகக் கலப்பார்கள். உரக்கப் பாடும் இடத்தில் தொடாத குரலே மேலோங்கி நின்று அதன் ஏற்ற இறக்கம் கெடாமல் கேட்கும். மெல்லப் பாடும் இடத்தில் அடியில் இருக்கும் குரல் மேலே வந்து ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாக்கும். இசையின் உயிரைக் கெடுக்காமல் இந்தக் கருவியை ஆள்வதற்கு இதைவிட நேர்மையான வழியை இன்றுவரை நான் பார்க்கவில்லை. இப்போது ‘பேரலல் கம்ப்ரஷன்’ என்ற பெயரில் உலகமெங்கும் மிக்ஸிங்கில் இதைச் செய்கிறார்கள்.

1967-ல் பில் புட்னம் 1176-ஐ வெளியிட்டார். சிகாகோவில் யுனிவர்சல் ரெக்கார்டிங் கூடத்தை நிறுவி, பிறகு ஹாலிவுட்டுக்குப் பெயர்ந்தவர். ஒலிப்பதிவு மேசையின் இன்றைய அமைப்புக்கே வழிகாட்டியவர்களில் ஒருவர். 1176-ல் வால்வு இல்லை. அமுக்கும் வேலையை ஒரு டிரான்சிஸ்டர் செய்கிறது. அட்டாக் மிக விரைவாக 20 மைக்ரோ செகண்ட், அதாவது ஒரு நொடியில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஃபேர்சைல்டைவிடப் பத்து மடங்கு வேகம். ரேஷியோவுக்கு நான்கு பொத்தான்கள்: 4, 8, 12, 20. ஒன்றை அழுத்தினால் மற்றது மேலே வந்துவிடும். நான்கையும் ஒருசேர அழுத்தினால் என்ன ஆகும் என்று யாரோ அழுத்திப் பார்த்தார்கள். சுற்றின் மின்னழுத்தங்கள் எல்லாம் இடம் மாறி, முள் ஒரு பக்கமாகப் போய் முட்டிக்கொண்டு, ஒலி கரகரத்துச் சீறியது. கையேட்டில் இல்லாத வழி. ஆனால் அறைக்குள் தூரத்தில் வைத்த டிரம் மைக்கை அதற்குள் அனுப்பியபோது சிறு அறையும் பெருங்கூடமாக முழங்கியது. அன்றிலிருந்து அதுவும் ஒரு முறையாகிவிட்டது. பின்னால் 1176-ஐப் போலச் செய்த மென்பொருள்களில் நான்கு பொத்தான்களும் சேர்ந்து அழுந்தும் வசதியையும் கவனமாக வைத்தார்கள்.

முப்பது ஆண்டுகளில் காவலாளி வாத்தியக்காரனாகிவிட்டான். பாடகரோ டிரம்மரோ இல்லாமல் அவனால் ஒரு ஒலியையும் எழுப்பமுடியாது. அவன் இல்லாமல் அவர்களுடைய ஒலி நாம் அறிந்த ஒலியாக இருக்காது. இதில் எனக்கு வருத்தமில்லை. ஸ்டோகோவ்ஸ்கி கேட்ட கேள்விக்கு எமெரிக்கின் தலைமுறை சொன்ன பதில், குமிழைப் பிடித்தவரும் இசைக்காரரே என்பது. அந்தக் காதும் கையும் இருந்தவரை அது சரியான பதில்தான்.

என் வருத்தம் வேறு. 110ஏ-வைக் குரல் எட்டும் தூரத்துக்காக வாங்கிய நிலையக்காரரின் ஆசை எங்கும் போய்விடவில்லை. ஜூக்பாக்ஸில் ஒலியளவு எல்லாத் தட்டுக்கும் ஒன்றே. அடுத்த தட்டைவிட உரத்து வெட்டிய 45 சுழற்சித் தட்டு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைத் திரும்பிப் பார்க்கவைத்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் அதைக் கவனித்தன. வினைல் தட்டில் அதற்கு ஒரு தடை இருந்தது: உரக்க வெட்டினால் பள்ளம் அகலமாகும், பாட்டின் நேரம் குறையும், மீறினால் ஊசி துள்ளும். 1982-ல் வந்த சிடியில் பள்ளமும் இல்லை, ஊசியும் இல்லை. அங்கிருந்து கால் நூற்றாண்டு நடந்த உரப்புப் போரையும், 2008-ல் மெட்டாலிகாவின் ரசிகர்களே தங்கள் இசைக்குழுவின் தட்டை எதிர்த்து மனு எழுதியதையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)